எல்லாத் தாளிலும் ஐந்து

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், எங்கள் வயதில் அதற்குப் பெயர்தான் நலம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் நீ சொல்லப் போவதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து தூங்கிவிட்டார், பக்கத்து வீட்டில் சுவரில் துளை போடுகிறார்கள், அந்த மெஷின் சத்தத்துக்கும் இந்தக் குறட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்குவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று அதை முடித்து வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது தெருவில் போகும்போது கடைப் பலகைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வருகிறார், கூட நடக்க வெட்கமாக இருக்கிறது. வீட்டு மூலைகளில் இருக்கும் தூசியும் அவருக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது, ஆனால் துடைப்பம் இருக்கும் இடம் மட்டும் இன்னும் தெரியவில்லை. வாஷிங் மெஷின் நடுவில் நின்றுவிடுகிறது, தட்டினால் ஓடுகிறது, நானும் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உன் அக்காவுக்கு வேலையில் இரவு ஷிப்ட் போட்டிருக்கிறார்கள், குரலே மாறிவிட்டது, நீ அவளுக்கு ஒரு போன் செய், நான் சொன்னேன் என்று சொல்லாதே. என் வகுப்பை இந்த வருஷம் இரண்டாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடி மேலே போய் உட்கார்ந்து, நான் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும்போது ஒன்றுமே தெரியாதவர்கள் மாதிரி எழுந்து வணக்கம் சொல்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள்தான், பிறகு ஓய்வு என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது கண்ணா. முட்டி வலி பாதி என்றால், மீதி உன் தாள்களால் வந்தது.

நீ போன விடுமுறையில் வந்தபோது எங்கள் ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்து, உன் பட்ட ஆராய்ச்சிக்காகப் பள்ளிப் பிள்ளைகளிடம் மற்றவர்கள் மேல் இருக்கும் நன்றியுணர்வை எப்படி அளப்பது என்று விளக்கினாயே, அவர் டீ வரவழைத்து, உச்சி குளிர்ந்து போய், "டீச்சர், உங்க பையன் பெரிய ஆள்" என்று என்னிடம் சொன்னாரே, அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கேள்விகளும் சாதுவாகத்தான் இருந்தன. எனக்கு உதவுகிறவர்களை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது, பிறர் எனக்காகப் படும் சிரமம் எனக்குத் தெரிகிறது, பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது, இப்படி. துளியும் இல்லை என்றால் ஒன்று, முழுக்க உண்டு என்றால் ஐந்து. முதலில் ஒரு தாள், பிறகு ஆறு வாரம் தினமும் யாருக்காவது எதற்காவது நன்றி என்று ஒரு வரி எழுத வேண்டும், கடைசியில் அதே கேள்விகளோடு இரண்டாம் தாள், நடுவில் நன்றி எவ்வளவு கூடியிருக்கிறது என்று நீ பார்ப்பாய். உன் அப்பா ஒரு தாளை எடுத்துச் சாப்பாட்டு மேஜையிலேயே நிரப்பினார். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, தட்டை யார் எடுப்பார்கள் என்று கேட்டார்.

தாளில் யாரும் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும் போதும் என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். நானும் வகுப்பில் சொன்னேன். ஆனால் எங்கள் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து ஒரு பழக்கம், எந்தத் தாள் கைக்கு வந்தாலும் வலது மூலையில் பெயர், வகுப்பு, பிரிவு எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை. நான் சொல்லி முடிப்பதற்குள் எல்லாரும் எழுதியாகிவிட்டது. சரி, பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று வாங்கி வைத்தேன். அடுத்த பீரியட் எனக்கு ஓய்வு, ஸ்டாஃப் ரூமில் தாள் கட்டு முன்னால் இருக்கிறது, கையில் சிவப்புப் பேனா இருக்கிறது, இத்தனை வருஷம் திருத்தியே பழகிய கை சும்மா இருக்குமா, ஒவ்வொரு தாளையும் கூட்டி மேலே மார்க்கைப் போட்டு வட்டமும் போட்டுவிட்டேன். பாதிக் கட்டு முடிந்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றே உறைத்தது. அதற்குப் பிறகு அரைகுறையாக விடுவானேன் என்று மீதியையும் கூட்டினேன், அந்த நேரத்து அசதியில் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது. அந்தச் சமயம் பார்த்து ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார். பெயரும் மார்க்கும் இருக்கும் கட்டைப் பார்த்தால் ஒரு ஹெட்மாஸ்டர் வேறு என்ன செய்வார், எடுத்துக்கொண்டு போய் முதலிலிருந்து கடைசி வரை ரேங்க் போட்டுவிட்டார்.

அதோடு போயிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். எங்கள் பள்ளியில் சில பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுவது டைல்ஸ் கடை முதலாளி என்பது உனக்குத் தெரியும். மாதத்தின் முதல் வேலை நாள் அவர் வருவார், அந்தப் பிள்ளைகள் ஹாலில் வரிசையாக நின்று ஒவ்வொருவராக நன்றி சொல்வார்கள், நான் கரும்பலகையில் எழுதிப் போடும் நன்றிக் கடிதத்தைப் பார்த்து எழுதிக் கையில் கொடுப்பார்கள். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் கடிதத்தை வாங்கும்போது அவருக்குக் கண் கலங்கும், நானே பார்த்திருக்கிறேன். இந்த முறை வந்தவரிடம் ஹெட்மாஸ்டர் ரேங்க் பட்டியலைப் பெருமையாகக் காட்டிவிட்டார். அவர் தாம் ஃபீஸ் கட்டும் பிள்ளைகளின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தார், கடைசியில் ஒரு பெயரில் விரலை வைத்து, முகம் சுண்டிப்போய், "இந்தப் பொண்ணுக்கு நான் என்ன குறை வச்சேன் சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் போனதும் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருஷத்துக்கு அந்த உதவியைக் கேட்டு நிறைய பேர் காத்திருக்கிறார்கள், இரண்டாம் தாளிலும் அவள் இப்படியே எழுதினால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போகும், முதலாளியே சொல்லிவிட்டார் என்றார்.

அந்தப் பெண்ணை ஸ்டாஃப் ரூமில் மிளகாய் என்றுதான் சொல்வோம். சின்ன உருவம், வாய் அவ்வளவு காரம். அவளுடைய அம்மா லாண்டரிக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள், அப்பா எங்கேயோ இருக்கிறார். அந்த உதவி நின்றால் மறுநாளே இவளும் லாண்டரியில் அம்மா பக்கத்தில் நிற்க வேண்டியதுதான், அவளுடைய அக்கா அப்படி நின்றவள்தான். எனக்கு மிளகாயை அவ்வளவாகப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பாடம் நடத்தும்போது ஜன்னலைப் பார்ப்பாள், கேள்வி கேட்டால் சரியான பதிலைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் ஜன்னலைப் பார்ப்பாள். அவளைத் தனியாக அழைத்து, உதவுகிறவர்களை நினைத்தால் மகிழ்ச்சி என்ற இடத்தில் ஏன் ஒன்று போட்டாய் என்று கேட்டேன். திமிராக ஏதாவது சொல்வாள் என்று தயாராக இருந்தேன். "நினைச்சா சந்தோஷம் வரல டீச்சர், பயம்தான் வருது, அவர் நிறுத்திட்டா என்ன பண்றதுன்னு. பயத்துக்குக் கேள்வியே இல்லையே, அதான் ஒண்ணு போட்டேன்" என்றாள். பிறர் படும் சிரமம் தெரிகிறதா என்பதற்கு இரண்டு போட்டிருந்தாள். "எங்க அம்மா படற கஷ்டம் தெரியும், அவர் கஷ்டப்படறாரான்னு எனக்குத் தெரியாதே, ரெண்டையும் சேர்த்து ரெண்டு போட்டேன்" என்றாள். நீ இத்தனை வருஷம் படித்துப் போட்ட கேள்விகளை ஒழுங்காகப் படித்துப் பதில் போட்டவள் என் வகுப்பில் அவள் ஒருத்திதான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

நான் ஹெட்மாஸ்டரிடம் போய், இது ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்க் போடுகிற பரீட்சை இல்லை என்று என் பையன் சொல்லியிருக்கிறான், கூட்டிப் போட்டது என் தப்பு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவரும் விதண்டாவாதம் பண்ணவில்லை. "உங்க பையன் பண்ணினதுதானே டீச்சர், இதை வச்சு ஒரு பிள்ளையை முடிவு பண்ணக் கூடாதுன்னு அவரே ரெண்டு வரி எழுதித் தரட்டும், நான் முதலாளிகிட்ட காட்டி நிறுத்திடறேன்" என்றார். நியாயமாகத்தான் பேசினார். அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். நினைவு இருக்கிறதா, நீ எங்கேயோ நடந்துகொண்டே பேசினாய், காற்றுச் சத்தம் கேட்டது. "இப்ப போய் ஹெட்மாஸ்டருக்கு எதையாவது எழுதினா, தப்பா எடுத்துக்கிட்டு ரெண்டாவது தாளுக்கு விடமாட்டார்மா, அது இல்லைன்னா என் வேலையே போச்சு, அது முடியட்டும், அப்புறம் எழுதறேன்" என்றாய். நான் சரி என்று வைத்துவிட்டேன். உன் மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை. மூன்று வருஷமாக நீ இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்வது எனக்குத் தெரியாதா.

அந்த ஆறு வாரத்தில் பிள்ளைகள் எழுதிய நன்றி வரிகளை நீ பார்த்தால் சிரிப்பாய். ஃபேனுக்கு நன்றி, மணி அடித்ததற்கு நன்றி, கணக்கு சார் லீவு போட்டதற்கு மனமார்ந்த நன்றி. மிளகாய் ஒரு நாள், இன்று யாரும் என்னை நன்றி சொல்லச் சொல்லவில்லை, அதற்கு நன்றி என்று எழுதியிருந்தாள். நான் ஸ்டாஃப் ரூமில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அதற்குள் ஹெட்மாஸ்டர் காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, வரப்போகும் நன்றித் தாளில் நல்ல மார்க் எடுப்பவர்களைத்தான் உதவிக்குப் பரிந்துரை செய்வேன் என்று அறிவித்துவிட்டார். அவ்வளவுதான், உதவி வாங்குகிறவர்கள் வாங்காதவர்கள் என்று இல்லாமல் ஊரே இதைப் பிடித்துக்கொண்டது. பள்ளி வாசலில் பெற்றோர்கள் என்னை மடக்கி, என்ன கேள்வி வரும், எதற்கு எத்தனை மார்க் என்று கேட்கிறார்கள். பின்தெருவில் இருக்கும் டியூஷன் மாஸ்டர் முதல் தாளின் கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதி வாங்கி, மாதிரி வினாத்தாள் என்று அச்சடித்துவிட்டார். அதில் ஒரு பிள்ளை வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, நன்றியில் எனக்கு ஒரு மார்க்தான் குறைகிறது டீச்சர் என்று பெருமையாகச் சொன்னான். உன் அப்பாவிடம் சொன்னேன், அவர்கூடச் சிரிக்கவில்லை.

இரண்டாம் தாளுக்கு முந்தின நாள் மிளகாயை மாடிப்படி வளைவில் நிறுத்தினேன். உன்னிடமிருந்து இரண்டு வரி வரவில்லை. ஹெட்மாஸ்டர் மறுபடியும் கேட்டுவிட்டார். அவளுடைய அம்மா லாண்டரியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, எம் பொண்ணுக்கு நல்ல புத்தி சொல்லுங்க டீச்சர் என்று அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். நான் வேறு என்ன செய்வேன் சொல். "நாளைக்கு எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுடுடி" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "பொய்யா போடணுமா டீச்சர்?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். ஆமாம், பொய்யாகத்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். இத்தனை வருஷ வேலையில் பிள்ளைகளை அடித்திருக்கிறேன், திட்டியிருக்கிறேன், பேர் தெரியாமல் பேரை மாற்றிக்கூடக் கூப்பிட்டிருக்கிறேன், ஆனால் ஒரு பிள்ளையை நிறுத்திவைத்துப் பொய் எழுது என்று நான் சொன்னதில்லை.

மறுநாள் தாள் முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறாய், கேள்வியை யாரும் படிக்கவே இல்லை, மேலிருந்து கீழே ஐந்து ஐந்தாக இறங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் முன்னால் எழுந்து வந்தவள் மிளகாய்தான். தாளை என் மேஜையில் வைத்து, மூலையில் பெயர் எழுதியிருக்கிறதா என்று விரலால் காட்டி, "போதுமா டீச்சர்?" என்று கேட்டாள். போதும் என்றேன். அவளுடைய இடம் உறுதியாகிவிட்டது, ஃபீஸ் கட்டியாகிவிட்டது. டைல்ஸ் கடைக்காரர் தாளைப் பார்த்துக் கண் கலங்கி, பொண்ணு திருந்திட்டா என்று அவளுடைய தலையைத் தடவிக் கொடுத்தாராம். ஹெட்மாஸ்டர் வாசல் பலகையில் நன்றியுணர்வில் முழு மதிப்பெண் என்று எழுதிப் போட்டிருக்கிறார், உன் அப்பா தெருவில் போகும்போது அதையும் சத்தமாகப் படித்தார். மிளகாய் இப்போது எதையும் எதிர்த்துப் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், நன்றி டீச்சர் என்கிறாள், உட்கார்ந்துகொள்கிறாள். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் அவள் ரொம்ப மாறிவிட்டாள் என்று சந்தோஷப்படுகிறார்கள். நான் மட்டும் அவளிடம் கேள்வி கேட்பதைக் குறைத்துவிட்டேன், அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இதையெல்லாம் உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை கண்ணா. பெயரை அழிக்காதது நான், சிவப்புப் பேனாவை எடுத்தது நான், பொய் எழுதச் சொன்னதும் நான்தான், நீ இரண்டு வரி எழுதாதது ஒன்றுதான் உன் பங்கு. ஆனால் அந்தத் தாள்களைக் கணக்குப் போட்டால் உனக்கு அமோகமாக வரும். ஆறு வாரத்தில் பிள்ளைகளுக்கு நன்றி பொங்கி வழிந்தது என்று வரும், உன் பேராசிரியர் தட்டிக்கொடுப்பார், பட்டம் கிடைக்கும், பிறகு இன்னொரு பள்ளியில் இன்னொரு ஹெட்மாஸ்டர் இதைப் படித்துவிட்டுத் தாள் அச்சடிப்பார். அங்கேயும் ஒருத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன வாரம் நீ, ஆராய்ச்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அம்மாவுக்கு நன்றி என்று போடப்போகிறேன் என்று சொன்னாயே, நான் பதில் சொல்லாமல் இருந்தது சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டாய் போல. அது வேண்டாம். அந்த இடத்தில் வேறு எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்.

நேரமாகிறது, உன் அப்பா கண் விழித்து யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்கிறார். உனக்குத்தான் என்றதும், குளிருக்கு நல்ல சாக்ஸ் வாங்கிக்கொள்ளச் சொல் என்கிறார். வாங்கிக்கொள். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, அக்காவுக்குப் போன் செய். நீ நீண்ட ஆயுளோடு, நல்ல உடம்போடு, நிம்மதியான மனதோடு இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். ஒரு விஷயம் மட்டும் மறக்காதே. இரண்டாம் தாள்கள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன, தபாலில் போடவில்லை. நீ அனுப்பு என்று கேட்டால் மறுநாளே அனுப்பிவிடுவேன், பெற்ற பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது. நீயாகவே கேட்காமல் இருந்துவிடு என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா